கழுத்துக் குளிரூட்டி இரண்டே நிமிடத்தில் சூடாவது ஏன்?

கேள்வி: நாங்கள் மூன்றாம் ஆண்டு மின்னணுவியல் மாணவர்கள் நால்வர். வேதாரண்யம் உப்பளத் தொழிலாளர்களுக்காகக் கழுத்தில் அணியும் குளிரூட்டி ஒன்றைச் செய்துவருகிறோம். நிரலை இயக்கும் ஆர்டுயினோ நானோ என்ற சிறு மின்னணுப் பலகை, மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே, மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் டி.இ.சி.1-12706 பெல்டியர் தகடு, 2600 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் செல்கள் மூன்று ஆகியவற்றைப் பயன்படுத்துகிறோம். முதல் இரண்டு நிமிடம் ஜில்லென்று இருக்கும் தகடு பிறகு சூடாகிவிடுகிறது. நிரலில் என்ன பிழை?

பதில்: நிரலில் தேட வேண்டாம்; கோளாறு தகட்டின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. பெல்டியர் தகடு கழுத்துப் பக்கத்து வெப்பத்தை எடுத்து வெளிப்பக்கத்தில் கொட்டும்போது, தான் இழுக்கும் மின்சாரம் முழுவதையும் வெப்பமாக்கி அங்கேயே சேர்த்துவிடுகிறது. 12 வோல்ட்டில் அது 60 வாட் வரை இழுக்கும். கழுத்திலிருந்து எடுத்ததையும் சேர்த்தால், சூட்டைக் காற்றில் பரப்பும் உள்ளங்கையளவு உலோகத் துடுப்பால் (ஹீட் சிங்க்) அவ்வளவையும் காற்றில் விட முடியாது. 29 வாட்-மணி கொண்ட உங்கள் பேட்டரியும் அரைமணி நேரத்துக்குமேல் தாங்காது.

ஆகவே மின்னழுத்தத்தை 4 வோல்ட்டுக்கு இறக்குங்கள். இரு பக்கங்களுக்கும் வேறுபாடு 20 டிகிரியாக இருந்தால், என் கணக்குப்படி, அப்போது 6, 7 வாட் செலவில் ஏறக்குறைய 10 வாட் வெப்பம் கழுத்திலிருந்து வெளியேறும். விசிறியையும் சேர்த்துப் பேட்டரி மூன்று மணி நேரம் வரை வரும். வெளிப்பக்கம் 46 டிகிரியைத் தாண்டாத அளவுக்குத் துடுப்பும் விசிறியும் பெரிதாக வேண்டும். பணத்தை அதில் போடுங்கள்.

ரிலேயைக் கழற்றிவிடுங்கள். அது 'டிக்' என்று அணைந்ததும் துடுப்பில் தேங்கிய சூடு தகட்டின் வழியே திரும்பிப் பிடரிக்கே வந்துசேரும். விரலை வைத்துப் பார்த்தால் சில நொடிகளில் தெரியும். அதற்குப் பதிலாக ஐ.ஆர்.எல்.இசட்.44என் என்ற மாஸ்பெட்டை, அதாவது அசையும் பாகமில்லாத மின்னணுச் சுவிட்சை, பயன்படுத்துங்கள். கடைகளில் கிடைக்கும் ஐ.ஆர்.எஃப். வகை, நானோ தரும் 5 வோல்ட்டில் முழுமையாகத் திறக்காது. அது வேகமாகத் திறந்து மூடித் தரும் துடிப்பு மின்சாரத்தை நேரடியாகத் தகட்டுக்குக் கொடுக்காமல், அதிர்வெண்ணை 31 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, சுருள், மின்தேக்கி, டையோடு கொண்டு சமப்படுத்திக் கொடுங்கள். தகட்டுக்குள் எழும் சூடு மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், விட்டுவிட்டுப் பாயும் 5 ஆம்பியர், சீராகப் பாயும் ஒன்றரை ஆம்பியரைவிட வீணாக்குவது அதிகம்.

எவ்வளவு குளிர்விக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. காற்று 35 டிகிரியும் ஈரப்பதம் 60 விழுக்காடுமாக இருந்தால் 26 டிகிரிக்குக் கீழே போகும் எந்தப் பரப்பிலும் நீர் முத்துமுத்தாகப் படியும். உப்புக் காற்றோடு சேர்ந்து அது தகட்டின் ஓரத்துப் பற்றவைப்புகளை அரித்துவிடும். உள்பக்கத்தை 26 டிகிரியில் நிறுத்தி, ஓரங்களைச் சிலிகான் பசையால் அடையுங்கள்.

உள்பக்கத்தில் ஒன்றும் துடுப்பில் ஒன்றுமாக இரண்டு வெப்ப உணரிகள் வேண்டும். துடுப்பு 60 டிகிரியைத் தொட்டால் தகடு நிற்க வேண்டும், விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நிரல் உறைந்துபோனாலும் துண்டிக்கும்படி, தகட்டின் மின்பாதையில் மட்டும் ஒரு வெப்பச் சுவிட்சைத் தொடராக இணையுங்கள். இதைச் செய்யாமல் யார் கழுத்திலும் மாட்டாதீர்கள்.

கடும் உழைப்பில் உடல் 300 வாட்டுக்கு மேல் வெப்பத்தை உண்டாக்குகிறது. உங்கள் கருவி எடுப்பது 10 வாட். ஆகவே அது ஆறுதல் தருமே தவிர, வெப்பத் தாக்கிலிருந்து காக்காது. அணிபவர் அதை நம்பி நிழலையும் தண்ணீரையும் தள்ளிப்போட்டுவிடக் கூடாது என்பதைக் கருவியின் மேலேயே தமிழில் எழுதி ஒட்டுங்கள்.