பிக்கப் வண்டி ஏசி கம்ப்ரஸர் லீக் ஆகிறது, கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. டிரையரையும் (கேஸில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் சாமான்) சேர்த்து மாற்றுங்கள், கழற்றிய ஜாயின்ட் எல்லாவற்றுக்கும் புது ஓரிங் (ரப்பர் வளையம்) போடச் சொல்லுங்கள், வேக்கம் போடும்போது, அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் இழுக்கும்போது, பக்கத்திலேயே நில்லுங்கள்.

என்னுடையது டபுள் கேபின் பிக்கப். ஒட்டன்சத்திரத்தில் ராத்திரி காய்கறி ஏற்றினால் விடிவதற்குள் திருச்சூர், திரும்பி வருவது பாலக்காடு, பொள்ளாச்சி வழியாகப் பகல் வெயிலில். ஏசி இல்லாமல் அந்தத் திரும்புகாலில் தூக்கம் கண்ணை அழுத்தும். அதனால் இது எனக்குச் சொகுசு விஷயம் இல்லை. இரண்டு கோடை தொடர்ந்து "கேஸ் கம்மியா இருக்கு" என்று ஏற்றிவிட்டார்கள், ஒரு மாதம் ஜில்லென்று இருக்கும், அப்புறம் பழையபடி வெறுங்காற்று. கேஸ் என்ன டீசலா, எரிந்து தீர்வதற்கு? மூடின குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது அது. குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது, அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் ஏற்றுகிற கேஸ் அத்தனையும் வீண்.

மூன்றாவது கோடையில் வேறொரு மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டினார். கம்ப்ரஸரின் முன்பக்கம், கிளட்ச் பிளேட்டுக்குப் பின்னால், தூசி அப்பிய எண்ணெய்ப் பிசுக்கு. கேஸோடு சேர்ந்து கம்ப்ரஸர் ஆயிலும் சுற்றுவதால் கேஸ் கசிகிற இடத்தில் பெரும்பாலும் எண்ணெய்க் கறை இருக்கும். நைட்ரஜன் அடைத்து சோப்பு நுரை தடவினார், ஷாஃப்ட் சீல் பக்கம் குமிழ் வந்தது. சீல் மட்டும் மாற்றுகிறவர்களும் உண்டு, ஆனால் என் வண்டியில் பேரிங்கும் சத்தம் போட்டதால் புதுக் கம்ப்ரஸரே வாங்கிவிட்டேன்.

மிச்சமிருந்த கேஸை மெஷினில் இழுத்து சிலிண்டரில் பிடித்துவிட்டுத்தான் குழாயைக் கழற்ற வேண்டும், தயவுசெய்து காற்றில் திறந்துவிட விடாதீர்கள். இந்த ஏசி கேஸான ஆர் 134ஏ ஒரு கிலோ வெளியே போனால் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கிற திரவம் அது, கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகிவிடும்.

அடுத்து ஆயில். அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். பழைய கம்ப்ரஸரைக் கவிழ்த்து வருகிற ஆயிலை அளந்து பாருங்கள், நிறத்தையும் பாருங்கள். கறுத்து, வெள்ளி மாதிரி மினுக்குத் தூள் தெரிந்தால் உள்ளே உலோகம் தேய்ந்திருக்கிறது, அந்தத் தூள், சூடான கேஸை ஆறவைக்கும் கண்டென்சரின் நுண்ணிய குழாய்களில் போய் அடைத்திருக்கும். இப்போதைய கண்டென்சர்களை முழுசாகக் கழுவி எடுக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும், இல்லையென்றால் புதுக் கம்ப்ரஸரும் சீக்கிரம் போய்விடும். எனக்கு ஆயில் தெளிவாக இருந்தது, ஆனால் கொஞ்சம்தான் வந்தது, மிச்சம் லீக்கில் போயிருந்தது. அதனால் ஹோஸ், கூலிங் காயில் எல்லாம் கழுவிவிட்டு மேனுவலில் போட்டிருக்கும் முழு அளவை ஊற்றினோம். எந்த கிரேடு பேக் (PAG) கம்ப்ரஸர் ஆயில் என்பதும் மேனுவல் சொல்கிறபடியேதான். புதுக் கம்ப்ரஸரிலேயே ஆயில் ஊற்றி அனுப்புவார்கள், அதைக் கணக்கில் எடுக்காமல் மேலே ஊற்றினால் கூலிங் குறையும். பூட்டுவதற்கு முன் முன்பக்க ஹப்பைக் கையால் பத்து சுற்று சுற்றிவிடுங்கள், உள்ளே தேங்கின ஆயில் நகர்ந்துவிடும்.

டிரையர் ஈரத்தை உறிஞ்சும் சாமான், காற்றுப்பட்டாலே அதன் வேலை முடிந்தது, அதனால் வண்டியில் பொருத்தும் நிமிடத்தில்தான் அதன் மூடியைக் கழற்ற வேண்டும். பிறகு 45 நிமிடம் வேக்கம், அப்புறம் வால்வை மூடி அரை மணி நேரம் சும்மா விட்டுப் பார்த்தோம். முள் ஏறினால் இன்னும் எங்கோ லீக் இருக்கிறது அல்லது உள்ளே ஈரம் இருக்கிறது. அவசரக்காரர்கள் பத்தே நிமிடத்தில் பம்பை நிறுத்திவிடுவார்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேஸை மீட்டரில் முள்ளைப் பார்த்து உத்தேசமாக ஏற்றாமல், தராசில் சிலிண்டரை வைத்து எடை பார்த்து ஏற்றச் சொல்லுங்கள். எத்தனை கிராம் என்று பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். கூடினாலும் கூலிங் குறையும், கம்ப்ரஸருக்கும் பாரம்.

எனக்கு எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது, ஒரு பகல் முழுக்கப் போனது. காற்று வருகிற வாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தபோது 8 டிகிரி. அந்த வேலை பார்த்த பிறகு இது மூன்றாவது கோடை, இதுவரை கேஸ் ஏற்றவில்லை. மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசியை ஓடவிடுகிறேன், ஆயில் சுற்றாவிட்டால் சீல் காய்ந்துவிடும் என்று அந்த மெக்கானிக் சொல்லி அனுப்பினார்.