கேள்வி பதில்: 8 சதவீதம் வந்தால் தப்பித்துவிடலாமா?

கே: என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் இரண்டு இயல்களை ஒரு சென்டரில் பணம் கொடுத்து எழுதி வாங்கினேன். இன்னும் சமர்ப்பிக்கவில்லை. பிறர் எழுதியதோடு ஒப்புமை 8 சதவீதம்தான், 10-க்குள் இருந்தால் சிக்கலில்லை என்கிறார்கள். சரியா?
(பெயர் வேண்டாம், மதுரை)

ப: சரியில்லை. அந்த 10, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறையில் ஒப்புமைக்கு மட்டும் உள்ள கணக்கு. 10 வரை தண்டனை இல்லை. அதைத் தாண்டி 40 வரை போனால், 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் தரவே முடியாது. அதற்கும் மேலே போனால் பதிவு ரத்து. ஆனால் அதே விதிப்படி, 'இதை நானே தயாரித்தேன்' என்று நீங்கள் உறுதிமொழியும் தர வேண்டும். சிக்கல் அங்கேதான். ஒப்புமை பார்க்கும் மென்பொருள், வரிகள் பொருந்துகின்றனவா என்று பார்க்குமே தவிர, எழுதியது யார் என்று பார்க்காது.

அந்த 8 எப்படி வந்தது? பெரும்பாலும் யாரோ எழுதிய கட்டுரையைச் சொல்மாற்றும் மென்பொருளில் போட்டு எடுத்திருப்பார்கள். அது கலைச்சொல்லையும் விட்டுவைக்காது. 'ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்' ஆகிவிடும். 'பிக் டேட்டா' 'கொலோசல் இன்ஃபர்மேஷன்' ஆகிவிடும். இந்த மாதிரிச் சொற்களை வைத்தே பிரான்ஸின் கணினி அறிஞர் கியோம் கபானாக்கின் குழு 2021 முதல் ஏராளமான கட்டுரைகளைப் பிடித்திருக்கிறது. புறத்தேர்வாளர் கண்ணில் ஒன்று பட்டாலே போதும். சென்டர்காரர் சோதித்தபோது அந்தக் கோப்பு ஒப்புமை மென்பொருளின் சேமிப்பில் ஏறியிருந்தால் இன்னும் வேடிக்கை: பல்கலைக்கழகம் சோதிக்கும்போது உங்கள் இயல் அந்தக் கோப்போடேயே முழுசாகப் பொருந்திக் காட்டும்.

பட்டம் வாங்கிய பிறகும் நிம்மதி இல்லை. ஆய்வேடு சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏறிவிட்டால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எழுத்துத் திருட்டு நிரூபணமானால் பட்டத்தை நிறுத்திவைக்க விதியில் இடமுண்டு.

அந்த இரண்டு இயல்களையும் தூக்கிப் போடுங்கள். நெறியாளரிடம் உள்ளதைச் சொல்லி, கால நீட்டிப்புக்கு விண்ணப்பியுங்கள். அவற்றிலிருந்து மேற்கோள் பட்டியலை மட்டும் எடுக்கலாம் என்று தோன்றும்; ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள், சில கட்டுரைகள் உலகத்திலேயே இருக்காது. உங்கள் மூலத் தரவு, வினாநிரல் படிவங்கள் ஆகியவற்றிலிருந்து எழுதத் தொடங்குங்கள். தேதியிட்ட வரைவுகளை அழிக்காதீர்கள். நாளை யாராவது கேட்டால் அவைதான் சான்று.

கே: பொறியியல் இறுதியாண்டு. ப்ராஜெக்ட் சென்டருக்குப் போவதே தவறா?
(மாணவி, திருச்சி)

ப: சாலிடரிங், கோடிங் கற்கப் போவதில் தவறில்லை. கிட், கோடு, அறிக்கை மூன்றையும் பையில் போட்டு வாங்கி வருவதுதான் தவறு. வைவாவில், 'சென்சார் வரம்பை 30-லிருந்து 40 ஆக்கி ஓட்டிக் காட்டும்மா' என்றால் எந்த வரியில் கை வைப்பீர்கள்? அறிக்கையின் பிடிஎஃப் பண்புகளில் சென்டர் பெயரே இருப்பதும் உண்டு. அதைக்கூட மாற்றாமல்தான் விற்கிறார்கள்.