கம்ப்யூட்டர் கேள்வி–பதில்: மேசையை விட்டு நகருமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. அன்றாட வேலைக்கு லேப்டாப் வாங்குவதா, டெஸ்க்டாப் வாங்குவதா? வாங்கியதை எப்படிக் காப்பாற்றுவது? அவற்றிலிருந்து சில.

கேள்வி: வீட்டில் நான்கு பேர். பில் கட்டுவது, மின்னஞ்சல், பிள்ளைகளின் பள்ளி வேலை, இரவில் படம் பார்ப்பது, இவ்வளவுதான் உபயோகம். ஒரு கம்ப்யூட்டர்தான் வாங்க முடியும். எதை வாங்கலாம்?

பதில்: ஒரு தாளில் வாரத்தின் 7 நாளையும் எழுதி, எந்தெந்த நாள் அந்தக் கம்ப்யூட்டர் வீட்டு வாசலைத் தாண்டும் என்று குறித்துப் பாருங்கள். ஹாலிலிருந்து படுக்கையறைக்கு எடுத்துப் போவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது ஆசை, தேவை அல்ல. இரண்டு நாளாவது வெளியே போகும் என்றால் லேப்டாப். ஒரு நாள்கூட இல்லை என்றால், மேசை போட இடமும் இருந்தால், டெஸ்க்டாப்தான். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு டெஸ்க்டாப்.

காரணம் வேகம் இல்லை, பழுது. நான்கு பேர் கை படும் கம்ப்யூட்டரில் ஒரு நாள் கீபோர்டில் தண்ணீர் கொட்டத்தான் போகிறது. டெஸ்க்டாப்பில் அன்றைக்குப் போவது கீபோர்டு மட்டும். லேப்டாப்பில் கீபோர்டுக்கு நேர் கீழே, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டு இருக்கிறது. அதற்குத் தப்பித்தாலும், பல மாடல்களில் கீபோர்டை மேல்மூடியோடு சேர்த்து ரிவிட் அடித்திருப்பார்கள். அதை மாற்ற பேட்டரி, ஃபேன், மதர்போர்டு எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும். டிஸ்ப்ளே, ஃபேன் எது போனாலும் இதே கதைதான். டெஸ்க்டாப்பில் போன பாகத்தை மட்டும் மாற்றிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

ஆனால் டெஸ்க்டாப் விலையைக் கேட்கும்போது பெட்டிக்கு மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஸ்பீக்கர், வெப்கேம், மைக், யுபிஎஸ் எல்லாம் தனித்தனி. பல மதர்போர்டுகளில் வைஃபை கிடையாது. அதற்கும் ஒரு கார்டோ யுஎஸ்பி அடாப்டரோ வேண்டும். லேப்டாப்பில் இவை எல்லாமே உள்ளே இருக்கின்றன, யுபிஎஸ் உட்பட. இரண்டையும் இப்படிக் கூட்டிப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

எதை எடுத்தாலும் ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) 16 ஜிபி, எஸ்எஸ்டி (ஃபைல்கள் தங்கும் இடம்) 512 ஜிபி. 8 ஜிபியில் விண்டோஸும் பத்துப் பதினைந்து டேப் திறந்த பிரவுசரும் உட்கார்ந்தாலே இடம் முடிந்துவிடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டர் தன் பங்குக்கு அதிலிருந்தே கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். டெஸ்க்டாப்பில் 8 வாங்கிவிட்டாலும் பிறகு இன்னொரு 8 செருகிக்கொள்ளலாம். மெல்லிய லேப்டாப்களில் பெரும்பாலும் ரேமை மதர்போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். அங்கே வாங்கும் நாளில் எடுத்ததுதான் கடைசி வரைக்கும்.

கேள்வி: லேப்டாப்பிலும் ஐ5, டெஸ்க்டாப்பிலும் ஐ5. இரண்டும் 10 கோர் என்கிறார் விற்பனையாளர். அப்படியானால் வேகம் ஒன்றுதானே?

பதில்: அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பாதிதான் சொன்னார். கோர் என்பது பிராசஸர் சிப்புக்குள் கணக்குப் போடும் தனி அலகு. இன்டெலின் 13ஆம் தலைமுறையில் இரண்டு சிப்பை எடுத்துக்கொள்வோம். டெஸ்க்டாப்புக்கான ஐ5 13400-ல் வேகமான கோர் 6, சிக்கனமான கோர் 4. லேப்டாப்புக்கான ஐ5 1335யு-வில் வேகமானவை 2, சிக்கனமானவை 8. கூட்டினால் இரண்டும் 10. அடிப்படை மின்அளவு முதலாவதற்கு 65 வாட், இரண்டாவதற்கு 15 வாட். லேப்டாப் சிப்பும் சிறிது நேரத்துக்கு 55 வாட் வரை எகிறும். ஆனால் விரல் தடிமன் உள்ள பெட்டிக்குள் அந்தச் சூட்டை வெளியேற்ற வழி இல்லாததால் சீக்கிரமே மூச்சு வாங்கி இறங்கிவிடும்.

இதனால் யாருக்கு நஷ்டம்? கடிதம் அடிப்பவருக்கும் படம் பார்ப்பவருக்கும் வித்தியாசமே தெரியாது. அரை மணி நேர வீடியோவை எடிட் செய்து எக்ஸ்போர்ட் போடுபவருக்குத்தான் தெரியும். லேப்டாப் வாங்கும்போது பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். ‘யு’ என்றால் சிக்கனம், பேட்டரி நிற்கும். ‘ஹெச்’ என்றால் வேகம்; சூடும் ஃபேன் சத்தமும் கூடவே வரும்.

கேள்வி: என் லேப்டாப் நாள் முழுக்க சார்ஜரிலேயே இருக்கிறது. பேட்டரி கெட்டுவிடும் என்கிறார்கள். நிறைந்ததும் கழற்றிவிட வேண்டுமா?

பதில்: கழற்றி மாட்டி விளையாட வேண்டாம். நிறைந்ததும் சார்ஜிங் தானாகவே நின்றுவிடும், ‘ஓவர்சார்ஜ்’ ஆகாது. லித்தியம் அயான் பேட்டரிக்கு ஆகாதவை இரண்டு: நிறைந்த நிலையிலேயே மாதக்கணக்கில் இருப்பது, சூடு. சார்ஜரில் மாட்டியே வைத்த லேப்டாப்பில் இரண்டும் சேர்ந்துவிடுகின்றன.

இதற்கு வழி, சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்துவது. பல நிறுவனங்கள் லேப்டாப்போடு தரும் செயலியில், அல்லது ஆன் செய்யும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில், பேட்டரி என்ற தலைப்பின் கீழ் இந்த வசதி இருக்கும். அதைப் போட்டுவிட்டு மறந்துவிடலாம். பயணத்துக்கு முந்தின இரவு மட்டும் 100-க்கு மாற்றிக்கொண்டால் போதும்.

பேட்டரி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க விண்டோஸிலேயே வழி உண்டு. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி என்று ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் அடியுங்கள். ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி பேட்டரிரிப்போர்ட் என்று இதையும் ஒரே சொல்லாக. என்டர் தட்டினால் அறிக்கை எங்கே சேமிக்கப்பட்டது என்று காட்டும். அதைத் திறந்து டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். முதலாவது 50,000, இரண்டாவது 30,000 என்றால் பேட்டரியில் 60 சதவீதம்தான் மிச்சம். பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்களும் காசைக் கொடுப்பதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம்.

கேள்வி: டெஸ்க்டாப்பில் 450 வாட் பவர் சப்ளை என்று எழுதியிருக்கிறது. மின்கட்டணம் எகிறிவிடாதா?

பதில்: 450 என்பது அதனால் தர முடிந்த உச்சம். எப்போதும் இழுப்பது அல்ல. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத டெஸ்க்டாப் சாதாரண வேலையில் 50 வாட் அளவுக்கும், 24 அங்குல மானிட்டர் 20 வாட் அளவுக்கும் எடுக்கும். மொத்தம் 70 என்று வைத்தால் தினம் 5 மணி நேரத்துக்கு மாதம் பத்தரை யூனிட். 15 வாட் எடுக்கும் லேப்டாப்புக்கு அதே கணக்கில் இரண்டே கால். எட்டு யூனிட் வித்தியாசத்துக்காக முடிவை மாற்ற வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

பவர் சப்ளையில் பார்க்க வேண்டியது தரத்தைத்தான். கேபினெட்டோடு இலவசமாக வரும் எடையே இல்லாத பவர் சப்ளை, போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். ‘80 பிளஸ்’ முத்திரை உள்ளதாகப் பார்த்துத் தனியாக வாங்குங்கள்.

கேள்வி: 600 விஏ யுபிஎஸ் போதுமா? எவ்வளவு நேரம் வரும்?

பதில்: மேலே சொன்ன 70 வாட் டெஸ்க்டாப்புக்குத் தாராளம். 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் தாங்கும். ஆனால் நேரத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் பேட்டரி. வழக்கமான 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி புதிதில் சுமார் 20 நிமிடம் தரும். வேலையைச் சேமித்து நிதானமாக அணைக்க அது போதும். மின்சாரம் மணிக்கணக்கில் போகும் இடம் என்றால் யுபிஎஸ்ஸைப் பெரிதாக்குவதைவிட லேப்டாப்புக்கு மாறுவதே புத்திசாலித்தனம்.

அந்த பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் ஓய்ந்துவிடும். மின்சாரம் போன நொடியே கம்ப்யூட்டரும் அணைகிறது என்றால் யுபிஎஸ்ஸைத் தூக்கிப் போடாமல் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். லேசர் பிரிண்டரை மட்டும் யுபிஎஸ்ஸில் சொருகவே கூடாது. அதன் ஹீட்டர் சூடேறும் நொடியில் இழுப்பது குருவி தலையில் பனங்காய்.

கேள்வி: மானிட்டருக்குள்ளேயே கம்ப்யூட்டர் இருக்கும் ஆல்-இன்-ஒன் வாங்கலாமா?

பதில்: அழகுக்கு வாங்கலாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் லேப்டாப் பாகங்கள். ஆனால் பேட்டரி இல்லை, தூக்கிப் போகவும் முடியாது. டிஸ்ப்ளே போனால் கம்ப்யூட்டரே போன மாதிரி. இடம்தான் பிரச்சினை என்றால் மினி பிசி பாருங்கள். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பெட்டி. மானிட்டரின் முதுகில் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகுத் துளை இருந்தால் அங்கேயே மாட்டிவிடலாம்.

கேள்வி: வீட்டிலிருந்தே வேலை. லேப்டாப்பில் 8 மணி நேரம். கழுத்து வலி தாங்கவில்லை. டெஸ்க்டாப்புக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: மாற வேண்டியதில்லை. லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. கைக்குச் சரியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்குச் சரியாக வைத்தால் தோள் தூக்கும். இரண்டையும் பிரித்துவிடுங்கள். லேப்டாப்பை ஸ்டாண்டில் ஏற்றி, தனி கீபோர்டும் மவுஸும் போடுங்கள். நான்கு தடித்த புத்தகங்களும் ஸ்டாண்ட்தான், காற்றுத் துளையை அடைக்காத வரை. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும்; தூரம் கை நீட்டும் அளவு, அதாவது 50 முதல் 70 சென்டிமீட்டர். பைஃபோகல் கண்ணாடி போடுபவர்கள் திரையை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழ்ப்பகுதி லென்ஸ் வழியாகப் பார்க்க முகவாயைத் தூக்கி, புது வலியைச் சம்பாதிப்பார்கள்.

மானிட்டர் சேர்த்தால் இன்னும் நல்லது. டைப்-சி போர்ட் இருக்கிறதே என்று நம்பி கேபிள் வாங்கிவிடாதீர்கள். எல்லா டைப்-சியிலும் படம் வராது. போர்ட்டின் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ, தண்டர்போல்ட்டின் அம்புக்குறி போட்ட மின்னல் சின்னமோ இருந்தால் வரும். சின்னமே இல்லை என்றால் லேப்டாப்பின் கையேட்டில் பார்த்துவிடுங்கள். பழைய எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் 4கே மானிட்டரை மாட்டினால் நொடிக்கு 30 படம்தான். மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகர்வதைப் பார்த்துவிட்டு மானிட்டரைத் திட்டுவார்கள்.

கேள்வி: நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த டெஸ்க்டாப்கள் மலிவாகக் கிடைக்கின்றன. நம்பலாமா?

பதில்: நம்பலாம், பிராசஸரின் தலைமுறையைப் பார்த்து. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஐ5 7500 என்றால் முதல் இலக்கமான 7தான் தலைமுறை, வேண்டாம். ஐ5 8500 என்றால் எடுக்கலாம். லினக்ஸ் போடுபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

ஒல்லியான அலுவலகப் பெட்டிகளில் ஒரு சிக்கல் உண்டு. பவர் சப்ளையும் மதர்போர்டும் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சொந்த அளவில் இருக்கும். வெளியே கிடைக்கும் சாதாரண பவர் சப்ளை பொருந்தாது. முழு உயர டவர் கிடைத்தால் அதை எடுங்கள், அப்போதும் உள்ளே இருக்கும் பவர் கனெக்டரைத் திறந்து பார்த்துவிட்டு. ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பழையதாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். மதர்போர்டில் நாணயம் போல இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: டெஸ்க்டாப்பை வேறு அறைக்கு மாற்றினோம். இப்போது ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் ‘நோ சிக்னல்’.

பதில்: முதலில் பின்னால் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான் இருக்க வேண்டும். மாற்றி மாட்டும்போது மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் சொருகிவிடுவது வழக்கமான தவறு. இன்டெல் பிராசஸரின் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் அந்தத் துளையிலிருந்து எந்தக் காலத்திலும் படம் வராது, ஏனென்றால் உள்ளே கிராஃபிக்ஸே இல்லை.

கேபிள் சரி என்றால் ரேம் அசைந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு ரேமைக் கழற்றி, தங்க நிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளை ஊதிவிடுங்கள். திரும்பச் செருகும்போது ‘டக்’ என்று கிளிப் விழும் வரை இரு முனையையும் அழுத்த வேண்டும். பாதி உட்கார்ந்த ரேம் பார்வைக்குச் சரியாகவே தெரியும். டிடிஆர்5 ரேமாக இருந்தால், மாட்டிய பின் முதல் முறை ஆன் செய்யும்போது சில நிமிடம் கருந்திரையாகவே இருக்கலாம். அது ரேமைப் பழகிக்கொள்ளும் நேரம். அவசரப்பட்டு அணைக்காதீர்கள்.

கேள்வி: லேப்டாப்பின் டச்பேட் ஒரு பக்கம் மேலே தூக்கியிருக்கிறது, கிளிக் ஆகவில்லை. மேசையில் வைத்தால் ஆடுகிறது. அழுத்தி உட்கார வைக்கலாமா?

பதில்: அழுத்தவே அழுத்தாதீர்கள். கீழே இருக்கும் பேட்டரி உப்பியிருக்கிறது. இன்றே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, எளிதில் தீப்பிடிக்கும் பொருள் இல்லாத இடத்தில் தனியாக வையுங்கள். ‘கடைசியாக ஒரு முறை’ ஆன் செய்து ஃபைல்களை எடுக்கப் பார்க்க வேண்டாம். உப்பிய பேட்டரியைக் கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ நெம்பினால் தீப்பற்றும், எனவே கழற்றுவதைப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள். பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் சேர்க்கச் சொல்லுங்கள். பல மாடல்கள் பேட்டரி இல்லாமலும் சார்ஜரில் ஓடும்; புது பேட்டரி வரும் வரை ஃபைல்களை அப்படி எடுத்துக்கொள்ளலாம்.