ஸ்காட்லாந்து பிரிந்தால் என் சேமிப்பு என்னாகும்?

கேள்வி: நாங்கள் எடின்பரோவில் வசிக்கிறோம். என் பெயரில் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தில் 75,000 பவுண்டும் ஹாலிஃபாக்ஸில் 60,000 பவுண்டும் சேமிப்பு இருக்கிறது. 2014 வாக்கெடுப்பின்போது, ஸ்காட்லாந்து பிரிந்தால் இங்கிலாந்துக்கு மாறிவிடுவோம் என்று வங்கிகள் எச்சரித்தன. தனிநாட்டுப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வருகிறது. 'எல்லாம் பூச்சாண்டி, நம்பாதே' என்கிறார் அலுவலக நண்பர். என் மனைவியோ, மொத்தத்தையும் இங்கிலாந்து வங்கியான ஹாலிஃபாக்ஸுக்கு மாற்றிவிடலாம் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: நண்பரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அப்படி எச்சரித்த வங்கிகளில் ஒன்றான ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தை (உங்கள் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து வேறு, இது வேறு) 2008 நிதி நெருக்கடியில் தூக்கி நிறுத்த அரசு கொட்டிய வரிப்பணம் 4,550 கோடி பவுண்ட். அப்படிப் பிழைத்த வங்கி, வாக்கெடுப்புக்கு ஒரே வாரம் இருக்கும்போது வாயைத் திறந்தால் எரிச்சல் வரத்தானே செய்யும்? அதன் பெரும்பங்கு அப்போது லண்டன் அரசின் கையில்தான் இருந்தது. போதாக்குறைக்கு, வங்கி அறிவிக்கும் முன்பே கருவூலத்திலிருந்து செய்தி கசிந்தது. ஸ்காட்லாந்தின் அப்போதைய முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்ட் விசாரணை கேட்டார்.

சரி, வங்கி என்னதான் சொன்னது? பதிவு அலுவலகத்தை, அதாவது சட்டப்படியான முகவரியை, இங்கிலாந்துக்கு மாற்றுவோம் என்றது. வேலைகளை நகர்த்தும் எண்ணமில்லை என்று அதன் தலைமை அதிகாரி ராஸ் மெக்யூவன் ஊழியர்களுக்கு எழுதினார். காரணம் எளிது. வங்கிக்கு நெருக்கடி வந்தால் கடைசியாகக் கைகொடுக்க ஒரு மத்திய வங்கி வேண்டும். அதற்கு பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் நிழலை விட்டு வெளியே போக அவர்களுக்கு மனமில்லை. அது அவர்களுடைய பாதுகாப்புக் கணக்கு. உங்கள் வைப்புப் பணம் பறிபோகும் என்று அதற்கு அர்த்தமில்லை. பேசிய நேரத்தில் அரசியல் இருந்திருக்கலாம், ஆனால் சொன்னது பொய்யில்லை. ஸ்பெயினின் கேட்டலோனியா மாநிலத்தில் 2017 அக்டோபர் 1 தனிநாட்டு வாக்கெடுப்பு முடிந்து ஒரு வாரத்துக்குள், அங்கிருந்த சபாடெல் வங்கி அலிகான்டேவுக்கும் கைஷாபேங்க் வலென்சியாவுக்கும் என மாநிலத்துக்கு வெளியே பதிவை மாற்றியே விட்டன. அதனால் எந்த வாடிக்கையாளரும் பணத்தை இழக்கவில்லை. 2025-ல் சபாடெல் திரும்பியும் வந்துவிட்டது.

உங்கள் மனைவியின் யோசனைக்கு வருவோம். ஹாலிஃபாக்ஸ் என்பது யார்க்‌ஷயர் ஊர்ப்பெயர்தான். ஆனால் சட்டப்படி அது பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் ஒரு பிராண்ட். அதன் பதிவு அலுவலகம் உங்கள் எடின்பரோவில், தி மவுண்ட் தெருவில் இருக்கிறது! பணத்தை மாற்றினாலும் அதே வங்கியில்தான் இருக்கும்.

இன்னொரு சிக்கல், தனிநாடு வந்தாலும் வராவிட்டாலும் இருப்பது. இரண்டு பெயருக்கும் ஒரே வங்கி உரிமம் என்பதால், வங்கி திவாலானால் பணத்தைத் திருப்பித் தரும் வைப்புக் காப்பீடும் ஒன்றுதான். 2025 டிசம்பர் முதல் அந்த வரம்பு ஒருவருக்கு 1,20,000 பவுண்ட். உங்களிடம் இருப்பது 1,35,000. ஆக, 15,000 பவுண்டுக்கு இன்றைக்கே காப்பீடு இல்லை.

தனிநாடாகி நாணயம் மாறினால் என்ன என்பது நியாயமான கவலை. ஆனால் லண்டன் சம்மதமில்லாமல் வாக்கெடுப்புச் சட்டம் கொண்டுவர ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. யோசிக்க அவகாசம் இருக்கிறது.

இப்போதைக்கு 20,000 பவுண்டை மனைவி பெயருக்கு மாற்றுங்கள். அந்த உரிமத்தின் கீழ் அவருக்கு வேறு கணக்கு இல்லையென்றால் அதே வங்கியில் இருந்தாலும் அவருக்கென்று தனி வரம்பு உண்டு. குறித்த கால வைப்பாக இருந்தால் முதிர்வு வரை பொறுங்கள், பாதியில் உடைத்தால் வட்டியில் பிடித்துவிடுவார்கள்.