ஸ்டீராய்டும் கண்ணில் கோத்த நீரும்

கேள்வி: முதுகுவலிக்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். இடது கண்ணின் நடுவே சாம்பல் வட்டம் தெரிகிறது, கதவு நிலை வளைந்து தெரிகிறது. ஸ்டீராய்டால் விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறதாம். சர்க்கரையால் அம்மாவுக்குக் கண்ணில் நீர் கோத்தபோது ஸ்டீராய்டு ஊசிதானே போட்டார்கள்? – வாசகர், மதுரை

பதில்: இரண்டும் உண்மைதான். அம்மாவுக்குக் கசிந்தது விழித்திரையின் சொந்த ரத்தக்குழாய். ஸ்டீராய்டு அதை அடைக்கும். உங்களுக்கு நீர் வருவது விழித்திரைக்குப் பின்னாலுள்ள, ரத்தக்குழாய்கள் நிறைந்த கோராய்டு படலத்திலிருந்து. இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒற்றை அடுக்கு நிறமிச் செல்கள், வயலில் தேங்கிய தண்ணீரை மோட்டார் இறைப்பதுபோல, ராப்பகலாக நீரை வெளியே தள்ளுகின்றன. கோராய்டு வீங்கினால் அந்த அடுக்கு ஓரிடத்தில் விட்டுக்கொடுத்துவிடும். சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைக்கும் அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்கான ஏற்பி, அதாவது அது வந்து ஒட்டும் இடம், கண்ணிலும் உண்டு. உடலே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசாலும் அதில் போய் ஒட்டும். 2012-இல் பாரிஸ் ஆய்வாளர்கள் எலியின் கண்ணில் அல்டோஸ்டிரோனைச் செலுத்தியபோது கோராய்டு வீங்கியது. சரி, ஏற்பியைத் தடுத்தால் போதுமே என்று தோன்றும். ஆனால் அப்படித் தடுக்கும் எப்ளெரினோன் என்ற மருந்து, 2020-இல் வெளியான பிரிட்டன் சோதனையில் பலன் தரவில்லை.

மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், அது ஆபத்து. எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள். கிரீம், மூக்கு ஸ்ப்ரே இருந்தாலும் சொல்லுங்கள். என்னிடம் வந்த லாரி ஓட்டுநர் ஒருவர், முகத்தில் பூசிவந்த கிரீமை மூன்றாவது முறை கேட்டபிறகுதான் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் நீர் தானாக வற்றிவிடும். அதுவரை கண் பரிசோதனையை விடாதீர்கள்.