தாத்தா கட்டிவிட்ட லேஸ்

கேள்வி: கடற்படையில் இருபது வருஷம் இருந்த என் தாத்தா போன மாதம் காலமாகிவிட்டார். நினைவுக் கூட்டத்தில் பேரப்பிள்ளைகள் சார்பில் நான்தான் பேச வேண்டும். பதக்கங்களையும் கப்பல்களையும் சொல் என்கிறார் மாமா. தாத்தாவோ கடலைப் பற்றி எங்களிடம் வாயே திறந்ததில்லை. விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து வாசல் பக்கம் உட்கார்ந்திருப்பார். என் ஷூ லேஸைக் கட்டிவிடுவார். அவர் கட்டினால் சாயங்காலம்வரை அவிழாது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் என்ன பேசுவது?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அவ்வளவுதான் என்கிறீர்கள். அந்த இரண்டிலுமே கடற்படை இருக்கிறதே!

முதலில் லேஸ். பாய்மரக் கப்பலில் பாயைச் சுருட்டிக் கட்ட மாலுமிகள் போட்ட முடிச்சு ரீஃப் நாட். முதல் சுற்றில் வலது நுனி இடதின் மேல் போனால், இரண்டாம் சுற்றில் இடது வலதின் மேல் போக வேண்டும். இரண்டு முறையும் ஒரே பக்கமாகச் சுற்றினால் முடிச்சு தானாக நழுவும். ஷூ லேஸும் இதே கணக்குதான். சரியாகக் கட்டினால் வளையங்கள் பாதத்துக்குக் குறுக்கே படுத்திருக்கும். தப்பாகக் கட்டினால் ஒன்று விரல் பக்கமும் மற்றது கணுக்கால் பக்கமும் திரும்பிக்கொள்ளும். தாத்தா கட்டிவிட்டது எப்படி இருந்தது என்று கண்ணை மூடி யோசித்துப் பாருங்கள். குறுக்கே இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் அந்த நாலு மணி. கப்பலில் ஒரு நாளை வாட்ச் வாட்சாக, அதாவது காவல் முறைகளாகப் பிரித்திருப்பார்கள். நள்ளிரவு முதல் நாலு, நாலு முதல் எட்டு என்று போகும். மாலை 4 முதல் 8 வரை மட்டும் இரண்டு இரண்டு மணி நேரமாக உடைப்பார்கள். அப்போது ஒரு நாளைக்கு ஏழு வாட்ச் வரும். ஒருவருக்கே தினமும் ஒரே நேரம் விழாது. அரை மணிக்கு ஒரு தடவை மணி அடிப்பார்கள், ஒவ்வொரு தடவையும் ஒன்று கூடும். எட்டு அடித்தால் ஆள் மாறும். விடியற்காலை நாலு மணி அப்படி ஆள் மாறும் நேரம். மேலே ஒருவர் விழித்திருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் கீழே மற்றவர்கள் தூங்குவார்கள். வீட்டில் நீங்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்க, உங்கள் தாத்தா விழித்து உட்கார்ந்திருந்தார். இதைக் கட்டாயம் சொல்லுங்கள். பேச்சின் நடுவே வையுங்கள்.

மாமா சொல்வதையும் விட்டுவிட வேண்டாம். பணி ஆவணத்தில் கப்பல்களின் பெயரும் தேதியும் இருந்தால் மூன்று வரியில் வாசித்துவிடுங்கள், போதும். அவர் சொல்லாத போர்க் கதை எதையும் நீங்கள் கற்பனை செய்து நிரப்பாதீர்கள். கூட வேலை பார்த்தவர் யாராவது இருந்தால் போன் செய்து, கப்பலில் தாத்தாவுக்கு என்ன வேலை என்று கேளுங்கள். இன்ஜின் அறையா, சிக்னலா, சமையலறையா? அது தெரிந்தாலே வீட்டில் அவர் செய்த இன்னும் சில காரியங்களுக்கு உங்களுக்கு அர்த்தம் கிடைக்கும்.

ஒரு மாலுமி இறந்தால் மணியை எட்டு தடவை அடிக்கும் மரபு உண்டு. அவருடைய வாட்ச் முடிந்தது என்று பொருள். இரண்டு இரண்டாக, நான்கு ஜோடி. கூட்டத்தில் மணி வைக்க முடிந்தால், வீட்டிலேயே கடைக்குட்டியான பேரனோ பேத்தியோ அடிக்கட்டும். பேச்சைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு போங்கள். லேஸ் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்தால், மீதியை வாசிக்க ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.