மறு: ஆய்வுத் தலைப்பு 'பெண்ணிய இலக்கியம்' என்று இருக்கலாமா?

வணக்கம் சகோதரி. மலேசியப் பெண்களின் சிறுகதைகளை 'பெண்ணிய இலக்கியம்' என்று எழுதியதால் முதுகலை ஆய்வுத் தலைப்பு திரும்பி வந்ததாகச் சொல்லியிருந்தீர்கள். திருப்பியது சரிதான். அந்தச் சொல் கொள்கையைக் குறிக்கிறது, எழுதியவர் பெண் என்பதை அல்ல. அதை வைத்தால் ஒவ்வொரு கதையிலும் பெண்ணியப் பார்வை இருப்பதை நீங்கள் நிறுவ வேண்டும். குடும்பக் கதைகள் பாதி அங்கேயே கழன்றுவிடும்.

'பெண் எழுத்து' என்பதிலும் கவனம் தேவை. பெண்ணின் உடல், மொழி சார்ந்த எழுத்துமுறை என்ற குறுகிய பொருளிலும் விமர்சகர்கள் அதை ஆள்கிறார்கள். வாசகரும் பெண்கள் என்றால் 'மகளிர் இலக்கியம்' பொருந்தும்: வை.மு.கோதைநாயகி நடத்திய 'ஜகன்மோகினி' இதழ், ரமணிசந்திரன் நாவல்கள். பெண்ணை மையமாக வைத்து ஆண் எழுதியது, இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) போல, 'பெண் எழுத்து', 'மகளிர் இலக்கியம்' இரண்டிலும் சேராது. எவ்வளவு நல்ல நாவலானாலும் சரி.

என் யோசனை: 'மலேசியத் தமிழ்ப் பெண் எழுத்தாளர்களின் சிறுகதைகள்: ஒரு பெண்ணிய வாசிப்பு'. பெண்ணியம் இப்போது உங்கள் ஆய்வுமுறை. கதைகள் மேல் சுமை இல்லை. கால எல்லையையும் தலைப்பிலேயே போடுங்கள். ஆய்வின் மலாய்மொழிச் சுருக்கத்தில் 'பெனுலிஸ் வனித்தா' (பெண் எழுத்தாளர்) என்றே எழுதுங்கள். 'சஸ்தெரா பெமினிஸ்' (பெண்ணிய இலக்கியம்) என்று போட்டால் பழைய சிக்கல் அப்படியே திரும்பி வரும்.